கடல் கடந்த தெய்வங்களும் கோணமலை வாசகனும்

கோயிலை இழந்த மக்களின் சமயத்தை எவ்வாறு எழுதுவது? மேற்கு ஆபிரிக்காவின் யொரூபா மக்கள் அடிமைகளாகக் கியூபாவுக்கும் பிறேசிலுக்கும் கொண்டுசெல்லப்பட்டபோது, அவர்தம் ஆலயங்கள் உடன் செல்லவில்லை. ஒரிஷா எனப்படும் தெய்வங்களே சென்றன. கத்தோலிக்கப் புனிதர்களின் பெயர்களோடு இணைந்து அத்தெய்வங்கள் வாழ்ந்தன. ஹவானாத் துறைமுகத்தருகே றெக்லாவில் வணங்கப்படும் மாதாவைக் கடற்றெய்வமான யெமயாவாகவும் காண்பது கியூப மக்களின் வழக்கம். கியூபாவின் சந்தேரியாவும் பிறேசிலின் கண்டொம்பிளேயும் இவ்வாறு உருப்பெற்றவையே.

இவை பற்றிய நூல்களுள் நான்கு நம் மாணவர் கற்கத்தக்கவை. மெல்வில் ஹேர்ஸ்கோவிற்ஸ் 1941இல் வெளியிட்ட நூல், அடிமைகள் தம் பண்பாடு முழுவதையும் இழந்தனர் என்ற கருத்தை மறுத்தது. எனினும், எஞ்சியவை எவை என்று தேடுவதே அதன் நோக்காதலின், புதிதாகத் தோன்றியவை அதிற் போதிய இடம் பெறவில்லை. றோஜே பஸ்தீட் 1960இல் எழுதிய பிறேசில் பற்றிய நூல் இக்குறையை ஓரளவு நீக்கிற்று. சமயத்தைச் சமூக அமைப்போடு பொருத்திக் காண்பது அதன் சிறப்பு. லிடியா கப்ரேறாவின் ‘எல் மொந்தே’ (1954) முதியோர் கூற்றுக்களையும் மூலிகை வழக்குகளையும் நிரல்படத் தருகின்றது. கோட்பாடு குறைவாயினும் மனிதக் குரல் மிகுந்த நூல் அதுவே. லொறன்ட் மற்றோறி 2005இல் எழுதிய நூலோ, ‘தூய யொரூபா மரபு’ என்பதே லாகோசுக்கும் பாஹியாவுக்குமிடையே சென்றுவந்த வணிகரும் பூசகரும் சேர்ந்து உருவாக்கியது என வாதிடுகின்றது. தூய்மை பற்றிய நம் எண்ணத்தை அசைக்கும் வாதம் இது.

இந்நூல்கள் நமக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். விடை திருகோணமலைத் துறைமுகத்தருகிலேயே உள்ளது. கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கீசர், 1624இல் அங்கே கோட்டை கட்டினர். இன்றும் அக்கோட்டை வாயிலினூடாகவே அடியார்கள் மலையேறுகின்றனர். மறைக்கப்பட்ட விக்கிரகங்களுட் சில 1950இல் நிலத்தினின்று வெளிப்பட்டன. புதிய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நிகழ்ந்தது. இடையிற் கழிந்தவை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். அக்காலத்திலும் வழிபாடு ஓயவில்லை. கோயிலற்ற மலையுச்சியினின்று பூசகர் கடலை நோக்கிப் படையல் எறிந்ததை எமர்சன் தெனன்ற் 1859இல் வெளிவந்த தம் நூலிற் பதிவுசெய்துள்ளார். தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலும் அம்மரபின் தொடர்ச்சியாகவே போற்றப்படுகின்றது.

ஆயின், நம் எழுத்துக்கள் பெரிதும் பேசுவன குளக்கோட்டன் பெருமையும் இடிந்த கோயிலின் சிறப்புமே. திருக்கோணாசல புராணம் தலத்தின் மகிமையைப் பாடும். கோணேசர் கல்வெட்டு தானத்தார், வரிப்பத்தார் முதலியோர்க்கு வகுத்த தொழும்புகளை உரைக்கும். இரண்டும் அரிய மூலங்கள். ஆனால் தொழும்பு செய்தவன் அதனை எவ்வாறு உணர்ந்தான் என்பதை அவற்றுள் அறிதல் அரிது. பஸ்தீட்டைக் கற்றவன் கல்வெட்டைச் சமூக ஆவணமாகவும் படிப்பான். கப்ரேறாவைக் கற்றவன் தம்பலகாமத்து முதியோரிடம் செல்வான். மற்றோறியைக் கற்றவன், ‘ஆதி’ என்ற சொல் எப்போது, யாரால், ஏன் வலியுறுத்தப்பட்டது என வினவுவான்.

ஒப்பீட்டிற்கு எல்லையுண்டு. யொரூபா மக்கள் மண்ணையே இழந்தனர். கோணமலையார் மண்ணில் நின்றே கோயிலை இழந்தனர். அடிமைத்தளையின் கொடுமையை இதனோடு சமப்படுத்தல் தகாது. ஆயினும், கல் வீழ்ந்தபின் சமயம் எங்கே வாழ்கிறது என்ற வினா இரு கரைகளுக்கும் பொதுவானது. அவ்வினாவை எழுப்பக் கற்பிப்பதாலேயே இந்நான்கு நூல்களும் நம் நூலகங்களில் இடம்பெற வேண்டியனவாகின்றன. கோயிலற்றிருந்த அம்முந்நூறாண்டின் வரலாறு அவ்வினாவோடு எழுதப்படுமாயின், கோணமலை இலக்கியத்தின் பெருங்குறையொன்று நீங்கும்.