நாயும் பிச்சைக்காரியும்

பேசும் படங்களுக்குப் பழகிவிட்ட நமக்கு, 1905-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட ‘ரெஸ்க்யூட் பை ரோவர்’ என்னும் ஊமைப்படம் முதற் பார்வையில் ஒரு விளையாட்டுச் சாமானாகவே தோன்றும். ஓடும் நேரம் 7 நிமிஷத்துக்கு உட்பட்டது. செலவு 7 பவுன் 13 ஷில்லிங் 9 பென்ஸ் என்பர். கதாநாயகனோ ஒரு நாய். எனினும் நாய் நடித்த படங்கள் யாவற்றிலும் இதனையே நாம் முதலில் எடுத்துப் பேச விரும்புகிறோம்.

கதை மிகச் சிறியது. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் தாதியிடம் ஒரு பிச்சைக்காரி கை நீட்டுகிறாள். தாதி ஒன்றும் ஈயாது நடக்கிறாள். பின்னர் அவள் ஒரு சிப்பாயுடன் பேச்சில் மயங்கி நிற்க, பின்தொடர்ந்து வந்த பிச்சைக்காரி குழந்தையைத் தூக்கிச் சென்றுவிடுகிறாள். தாதி வீடு திரும்பி அழுது சொல்லுகையில், அருகிருந்த ரோவர் ஜன்னல் வழியே குதித்து ஓடுகிறது. குழந்தை இருக்குமிடத்தைக் கண்டுபிடித்து, எஜமானனை அழைத்துச் சென்று மீட்டுக் கொடுக்கிறது.

இதில் நாம் வியப்பது நாய் ஓடும் வழியையே. தெரு, தெருமுனை, ஓடை, ஓடைக்கு அப்பால் வரிசையாக நிற்கும் ஏழைக் குடியிருப்புகள். அங்கே ஒவ்வொரு கதவாக நாடி, முடிவில் ஒரு மேல்மாடி அறை. இதே வழியே அது திரும்புகிறது. மறுபடி எஜமானனோடு செல்கிறது. மூன்று முறை கண்டபின் அவ்வூர் நமக்கே மனப்பாடமாகிவிடுகிறது. குழந்தை கைக்கு வந்ததும், திரும்பும் வழியைக் காட்டாமல், படம் நேரே வீட்டுக்குத் தாவுகிறது. பதைப்பு உள்ள வரையில்தான் வழி வேண்டும் என்பதை அக்காலத்திலேயே உணர்ந்த டைரக்டர் லூவின் பிட்ஸ்ஹாமனை மெச்சாதிருக்க முடியாது. இடையில் எழுத்து அட்டை ஒன்றேனும் இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவரும் கண்ணால் படித்துக்கொள்ளலாம். 395 பிரதிகள் விற்று, மூலச் சுருளே தேய்ந்துபோனமையால் படத்தை மேலும் இருமுறை புதிதாய் எடுக்க நேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

படத் தயாரிப்பாளர் ஸெஸில் ஹெப்வொர்த்தே இதில் தகப்பனாக வருகிறார். அவர் மனைவி தாயாக வருவதோடு கதையையும் எழுதினார். குழந்தை அவர்கள் மகள். ரோவராக நடித்த பிளேர் அவர்கள் வீட்டு நாய். பிச்சைக்காரிக்கும் சிப்பாய்க்கும் மட்டும் தொழில் நடிகர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். செல்வத்துக்கு வீட்டு மனிதரே போதும். வறுமையை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது போலும்!

இங்குதான் நமக்கு மனத்தாங்கல். குழந்தை திருடியவளுக்கு வக்காலத்தா என்று அன்பர்கள் கேட்கலாம். திருட்டைத் திருட்டென்றே நாமும் கூறுகிறோம். ஆனால் கதைக்கு வித்தாய் இருப்பது அந்த நீட்டிய கையல்லவா? அதைக் காட்டிய படமே பிறகு அதை மறந்துவிடுகிறது. அவள் குழந்தையின் உடைகளைக் களைகிறாள், புட்டியை எடுத்துக் குடிக்கிறாள், நாயை விரட்டுகிறாள்; அவளைப்பற்றி நாம் அறிய விடப்படுவது இவ்வளவே. நாய்க்கோ, குழந்தையோடு கணப்பின் முன்னே இருப்பதை அருகிலிருந்து காட்டி, அதன் அன்பை முதற் காட்சியிலேயே நம் நெஞ்சில் பதித்துவிடுகிறார்கள். ஓடையின் இருகரையிலும் மனிதர் வாழ்ந்தும், இருகரையையும் அறிந்தது அந்த நாய் ஒன்றுதான். எஜமானனும் தன் குழந்தை பொருட்டுப் படகேறியே அக்கரையை மிதித்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டதும் வந்த வேலை தீர்ந்துவிட்டது.

குழந்தை போன பின்னர் அந்த அறையில் அவள் தனித்திருப்பதைக் கமெரா சிறிது நேரம் நின்று பார்க்கிறது. குழந்தையின் துணிகளும் புட்டியுமே அவளுக்கு மிச்சம். அவற்றைக் கொண்டு அவள் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். அவளை இகழ்வதற்கென்றே வைத்த காட்சி அது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இப்படத்தில் நாம் திரும்பத் திரும்பப் பார்க்க விரும்பியது அதனைத்தான். அடுத்த கணமே வீடு வந்துவிடுகிறது. குழந்தை தாயின் கையில் இருக்கிறது, ரோவர் பக்கத்தில் நிற்கிறது.