தஞ்சை நாட்டு நாயனப் பாணிகளும் ஒரு தோடியும்

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் பெயரை எடுத்தாலே எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கச்சேரிக்கு ஒப்புக்கொண்டு வராமல் போன கதை, வந்தபின் விடியும்வரை இறங்க மறுத்த கதை, குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்ட கதை, கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்ற கதை. கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால், ‘தோடி ராகத்தை எப்படி வாசித்தார்?’ என்று கேட்டால் கையை மேலே காட்டிவிட்டு மௌனமாகிவிடுவார்கள். மனிதரின் பிடிவாதம் நினைவில் தங்கி, எதற்காகப் பிடிவாதம் பிடித்தார் என்பது மறந்துபோனது எனக்கு வருத்தம். அவருடைய ‘கிறுக்கு’ என்று ஊர் சொன்ன காரியங்களில் பெரும்பாலானவை வாசிப்பைப் பற்றி அவர் எடுத்த முடிவுகள் என்பதே என் எண்ணம். அதைச் சொல்ல வேண்டுமானால், அவர் வளர்ந்த மரபில் என்னென்ன பாணிகள் இருந்தன, ஒரு நாயனக்காரரை எதை வைத்து எடைபோட்டார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காவிரிக் கரையில் நாயனம், அதாவது நாகஸ்வரம், வளர்ந்தது கோயிலில். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஓர் ஒத்து, ஒரு ஜோடித் தாளம் என்பது பெரிய மேளத்தின் கட்டு. விடியலில் திருப்பள்ளியெழுச்சிக்குப் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று வேளைக்கு ஏற்ற ராகம் உண்டு. உற்சவத்தில் சுவாமி புறப்படும்போது மல்லாரி. கம்பீர நாட்டையில் அமைந்த அந்த உருப்படிக்குச் சாகித்தியம் கிடையாது. தாளமும் சுரமுமே அதன் உடல். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று. இரண்டு தெரு தள்ளி வீட்டில் இருப்பவர்களும் மல்லாரியைக் கேட்டே சுவாமி எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்வார்கள்.

மல்லாரி முடிந்து சுவாமி வீதிக்கு வந்ததும் ராகம் தொடங்கும். கிழக்கு வீதியில் எடுத்த ராகத்தைத் தெற்கு வீதி முழுக்க விரித்து, மேற்கு வீதி முக்கில் நின்று பல்லவி வாசித்து, வடக்கு வீதிக்கு வரும்போது கிழக்கே வெளுத்திருக்கும். யாருக்கும் அவசரம் இல்லை. ஒரு ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்கும் வழக்கம் இந்த நான்கு வீதிகளில் உண்டானது. அந்த இரவுகளுக்கு விலை கொடுத்தது இந்த மண்ணின் நெல். மேளக்காரர் குடும்பங்களுக்குக் கோயில் மானிய நிலமும் படித்தர நெல்லும் இருந்தன. அடுத்த வேளைச் சோற்றுக்கு இன்னொரு ஊருக்கு ஓட வேண்டியிருக்காத ஒருவரால்தான் ஒரு ராகத்தோடு விடியவிடிய நடக்க முடிந்தது.

வாத்தியமும் இந்த ஊர்ப் பொருள்தான். கும்பகோணத்துக்குக் கிழக்கே நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளில் உத்தரமாகக் கிடந்து காய்ந்து இறுகிய ஆச்சா மரத்தைக் கடைந்து உலவு செய்கிறார்கள். கீழே அணைசு, மேலே கெண்டை, கெண்டையில் சீவாளி. ஆற்றங்கரைக் கொருக்கந்தட்டையை உலர்த்திப் பதப்படுத்திச் செய்யும் அந்தச் சின்னச் சீவாளிதான் நாயனத்தின் நாக்கு. பனி பட்டால் ஒரு விதமாகவும் வெயில் பட்டால் வேறு விதமாகவும் பேசும். அதனால்தான் நாயனத்தில் அரை டஜன் சீவாளி தொங்கும். உலவில் வாசிக்கும் துளைகள் ஏழு. கீழே சுருதிக்காக விட்ட பிரமசுரத் துளைகள் ஐந்து. வீணையில் உள்ள மெட்டு இங்கே இல்லை. ஒரு சுரத்தின் கமகம் முழுவதையும் விரலின் அழுத்தத்தாலும், உதட்டாலும், காற்றை விடும் அளவாலும் உண்டாக்க வேண்டும். துத்துக்காரம், தன்னக்காரம், அகாரம் என்று ஊதும் முறைக்கே தனிப் பெயர்கள் உண்டு. விடியற்காலை அசுர சாதகம் செய்யாத பையன் இதில் எதையும் தொட முடியாது.

எல்லோரையும் ஒரே தராசில் வைக்கும் வழக்கம் அன்றைக்கு இல்லை. திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் வாசித்தால் கீர்த்தனையைக் கேட்கப் போவார்கள். இரண்டு நாயனமும் ஒரே மூச்சாக, சங்கதி கலையாமல், சாகித்தியத்தின் சொல் எங்கே பிரிய வேண்டுமோ அங்கே பிரிந்து வரும். பாட்டுத் தெரிந்தவருக்கு வார்த்தையே காதில் விழும். வாய்ப்பாட்டு வித்வான்களும் பாடம் சரிபார்க்கக் கேட்கும் வாசிப்பு அது. நாயனத்தை இரட்டையராக வாசிப்பதற்கு அவர்கள் வகுத்த வழியில்தான் பின்னால் பல சகோதரர்கள் நடந்தார்கள்.

செம்பொன்னார்கோயிலில் அளவுகோல் வேறு. அங்கே ராமசாமிப் பிள்ளையின் வழியில் ரக்தி மேளம் உயிர்நாடி. பாட்டுச் சொல் எதுவும் இல்லாமல், தாளச் சொற்கட்டை ஆதாரமாக வைத்து, காலத்தை மாற்றி மாற்றி ராகத்தை அதன் மேல் நெய்துகொண்டு போவது ரக்தி. நாயனக்காரருக்கு லயம் கொஞ்சம் தளர்ந்தாலும் அந்த இடத்திலேயே தெரிந்துபோகும். கோவிந்தசாமிப் பிள்ளை, தட்சிணாமூர்த்திப் பிள்ளை, அடுத்த தலைமுறையில் சம்பந்தம், ராஜண்ணா என்று அந்தக் குடும்பம் இதைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. என்னைக் கேட்டால், பெரிய மேளத்துக்கே உரிய சொத்து, வேறு எந்தக் கச்சேரி மேடைக்கும் போக முடியாத சொத்து, ரக்திதான். அதைப் பற்றி இன்னும் எவ்வளவோ எழுதப்பட வேண்டும்.

மன்னார்குடி சின்னப்பக்கிரி, குழிக்கரை பிச்சையப்பா, வேதாரண்யம் வேதமூர்த்தி என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பெயர் உண்டு. எல்லோரையும் இங்கே சொல்லி முடியாது. நீடாமங்கலத்துத் தவில்காரர் குடும்பத்திலிருந்து வந்த ஆய்வாளர் பி.எம். சுந்தரம் ‘மங்கல இசை மன்னர்கள்’ என்ற நூலில் அவர்களைத் தொகுத்து வைத்திருக்கிறார்.

தவிலை விட்டுவிட்டு நாயனத்தைப் பேசினால் பாதி பேசியதாகும். பலா மரக் கட்டை, வலந்தலையில் கூடு போட்ட விரல்கள், தொப்பியில் கழி. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்காகவே நாயனக் கச்சேரிக்குக் கூட்டம் வந்த காலம் உண்டு. நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை ஆகியோர் ‘ஸ்பெஷல் தவில்’ என்று விளம்பரம் செய்யப்பட்டார்கள். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்த தட்சிணாமூர்த்தியின் தவிலைத் தஞ்சை நாடு தன் பிள்ளையின் வாசிப்பாகவே கொண்டாடியது.

இப்போது இராஜரத்தினத்துக்கு வருகிறேன். 1898-ஆம் ஆண்டு திருமருகலில் பிறந்தவர். தாய்மாமன் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தில் நாயனக்காரர்; அவர் வீட்டில் வளர்ந்தார். முதலில் கற்றது வாய்ப்பாட்டு, பிடில் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம். இந்த ஒரு செய்தியை மறந்துவிட்டு அவரைப் பற்றிப் பேசவே கூடாது. நாயனத்தைக் கையில் எடுக்கும் முன்பே அவருக்குள் ஒரு பாடகர் குடியேறிவிட்டார். பிறகு அவர் செய்த மாற்றங்கள் அத்தனையும் அந்தப் பாடகருக்கு வழிவிடுவதற்காகச் செய்யப்பட்டவை.

அன்று தெருவில் ஒலித்தது திமிரி. குட்டையானது, நாலு கட்டையை ஒட்டியும் அதற்கு மேலும் சுருதி உடையது, வாண வேடிக்கைச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு கேட்பது. இராஜரத்தினம் நீளமான பாரி நாயனத்துக்கு மாறினார். இரண்டு, இரண்டரைக் கட்டை. பாடகரின் குரலுக்கு அருகில் வரும் சுருதி. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்திமம் தெளிவாகப் பேசும்படி அந்தப் பாரியைத் திருத்திச் செய்து கொடுத்தார். இன்று தமிழ்நாடெங்கும் வாசிக்கப்படும் நாயனம் அந்தப் பட்டறையிலிருந்து வந்த வடிவம்தான். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்த இருவரையும் சேர்த்தே நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது தம்புரா. ஒத்துக்காரர் கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் மூச்சிழுத்து, ஒரே சுரத்தை இரவு முழுவதும் நிறுத்திக் காட்டுவார். அதுவும் பெரிய வித்தை. அவர் இடத்தில் இராஜரத்தினம் தம்புராவை வைத்தார். பலருக்கு இது பெரிய மனிதத் தோரணையாகத் தெரிந்தது. தம்புரா சத்தம் வீதி உலாவில் யார் காதில் விழும்? சுற்றிலும் அமைதி இருந்தால்தான் விழும். எதிரே இருப்பவர்கள் பேச்சை நிறுத்தி உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதைத் தம்புராவை வைத்தே அவர் சொல்லிவிட்டார்.

உட்கார்ந்து வாசித்ததும் இதோடு சேர்ந்ததுதான். பெரிய மனிதர் வீட்டு வாசலில் மேலே துணியில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடி வாசிக்க வேண்டும் என்பது நாயனக்காரர்களுக்கு விதிக்கப்பட்டிருந்தது. பாடுகிறவருக்கு ஜமக்காளம் விரித்த மேடை, ஊதுகிறவருக்குத் தெருமண். இராஜரத்தினம் அதே மேடையைக் கேட்டார், அதே மரியாதையைக் கேட்டார், கொடுக்காத இடத்தில் வாசிக்க மறுத்தார். கிராப்பும் கோட்டும் வைரக் கடுக்கனும் அந்த மறுப்பின் உடைகள். இதைத் திமிர் என்றவர்கள், தாங்கள் அதுவரை அனுபவித்துவந்த வசதி போனதைத்தான் அப்படிச் சொன்னார்கள். தொழில்முறையாகப் பார்த்தாலும், நீண்ட பாரியைத் தாங்கி மூன்று மணி நேரம் காற்றை அளந்து விட ஒருவர் உட்காரத்தான் வேண்டும்.

வராமல் போன கச்சேரிகளை நியாயப்படுத்த நான் வரவில்லை. காத்திருந்த ரசிகருக்கு அது ஏமாற்றம்தான்.

அப்படியானால் தோடி? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கிராமபோன் இருந்தது. கொலம்பியா தட்டில் இராஜரத்தினத்தின் தோடியைப் பையன்களாகத் திண்ணையில் இருந்து கேட்டிருக்கிறோம். பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். நான்கு வீதிகளில் விரிந்த ராகத்தை அந்தச் சிறு இடத்துக்குள் கொண்டுவந்தபோதும் அவர் அவசரப்படவில்லை. காந்தாரத்தில் ஒரு அசைவு, அதிலேயே தோடி முழுவதும் தெரிந்துவிடும். பிறகு மேலே ஏறி, மூச்சு எங்கே வாங்கினார் என்று தெரியாத ஒரு நீண்ட பிருகாவில் கீழே இறங்குவார். வேகமாக வந்தாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எண்ணக்கூடியதாக இருக்கும். செம்மங்குடி சீனிவாச ஐயரும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் நாயனத்துக்குத் தாங்கள் பட்ட கடனை ஒப்புக்கொண்டவர்கள். பாடகராகத் தொடங்கி நாயனத்தைப் பாட வைத்தவரைக் கேட்டு, பாடகர்கள் ராகம் பாடும் வழியை மாற்றிக்கொண்டார்கள்.

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 1940-இல் வந்த ‘கவி காளமேகம்’ படத்தில் இராஜரத்தினம் கதாநாயகனாக நடித்தார். 1947 ஆகஸ்டில் ஆதீனத்தின் சார்பில் டில்லிக்குச் சென்றவர்களோடு போய், சுதந்திர நாளில் வாசித்தார். மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் 1956-இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்குக் கிடைத்தது; தகுதியானவருக்கே கிடைத்தது. இராஜரத்தினத்துக்கு அது கடைசிவரை வரவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார்.

திருவாவடுதுறைப் பாணி என்று ஒன்று இல்லை, அது ஒரு தனி மனிதரின் வாசிப்பு மட்டுமே என்று சொல்வோர் உண்டு. காருகுறிச்சி அருணாசலத்தைக் கேட்டபின் அப்படிச் சொல்ல முடியாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இராஜரத்தினத்தின் பக்கத்தில் அமர்ந்து வாசித்தவர். குருவின் ராகத்தை எடுத்துக்கொண்டு, அதில் தன்னுடைய குழைவைச் சேர்த்தார். ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் நாயனத்தின் பக்கம் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். ஆந்திரத்துக் கரவதியிலிருந்து வந்த ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சைப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து, 1998-இல் சங்கீத கலாநிதியானார். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாயனமாக ஒலித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. இந்தப் பாணிகள் காவிரியோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இவை போதும்.

ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். நாயனம் மேடை ஏறியபோது மேளக்காரருக்கு மரியாதை வந்தது, தெரு காலியாயிற்று. மேடைக்கு உரிய நேரம் இரண்டு மணியோ மூன்று மணியோ. மானிய நிலங்களும் போய்விட்டன. மல்லாரி தெரிந்தவர்கள் இருந்தும், வாகனம் மண்டபத்திலிருந்து இறங்கிய வேகத்தில் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறது. பல கோயில்களில் பூஜை வேளைக்கு மின்சார மேளம் தானாக அடித்துக்கொள்கிறது. திருவையாறு இசைக் கல்லூரியில் நாயனமும் தவிலும் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் நன்றாகவே வாசிக்கிறார்கள். அவர்களிடம் குறை காண எனக்கு மனம் வரவில்லை. ஒரு ராகத்தை விரிக்க அவர்களுக்கு நாம் எத்தனை நிமிடம் கொடுக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் கோயில் அறங்காவலர்களுக்கு ஒரு விண்ணப்பம். பத்து நாள் உற்சவத்தில் ஒரே ஓர் இரவு, சுவாமி பழையபடி நான்கு வீதியும் நின்று நின்று வரட்டும். மேளக்காரருக்கு அந்த இரவுக்குரிய சம்பளத்தைக் குறைக்காமல் கொடுங்கள். கல்யாண வீட்டாருக்கும் ஒன்று. முதல் நாள் மாலை அரை மணி நேரம் நாயனத்துக்கென்று ஒதுக்குங்கள். அவர் ராகத்தை எடுத்ததும் ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். முன்வரிசையில் நீங்களே போய் உட்காருங்கள். சாப்பாட்டுக்கு அவர்களை முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.