ஹிர்ஷின் அளவுகோல்: ஒரு திறனாய்வு

ஓர் ஆய்வாளரின் எழுத்து பிற அறிஞரின் சிந்தனையில் எத்துணை ஆழமாகப் பதிந்துள்ளது என்பதை ஒரே எண்ணால் கூறிவிட இயலுமா? ஓரளவு இயலும் எனக் கருதிய இயற்பியல் பேராசிரியர் ஹோர்கே ஹிர்ஷ், 2005ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அர்ஜென்டினாவில் பிறந்து, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பணியாற்றியவர் அவர். கட்டுரை நான்கே பக்கங்கள். ஆயினும் அந்நான்கு பக்கங்கள் உலகெங்கும் ஆசிரியர் நியமனங்களையும் பதவி உயர்வுகளையும் தொட்டுவிட்டன. இயற்பியலாரின் கணக்கு இறையியலாருக்கு எதற்கு என நம் வாசகருள் சிலர் வினவக்கூடும். அக்கணக்கு நம் வாயிற்படி வரை வந்துவிட்டது என்பதே நம் விடை. ஆகவே அதனைச் சற்று நின்று ஆராய்வது தகும்.

முதலில் அளவுகோல் இன்னதென்று தெளிவோம். ஓர் ஆய்வாளர் எழுதிய கட்டுரைகளை, அவை பிறரால் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாளப்பட்டன என்ற வரிசையில் அடுக்க வேண்டும். ஒருவர் ஏழு கட்டுரைகள் எழுதியுள்ளார் எனக் கொள்வோம். அவை முறையே 40, 18, 9, 5, 5, 2, 0 தடவைகள் எடுத்தாளப்பட்டுள்ளன. குறைந்தது ஐந்து முறை எடுத்தாளப்பட்டவை ஐந்து கட்டுரைகள். ஆறு முறை எடுத்தாளப்பட்டவை ஆறு இல்லை. எனவே அவருடைய ‘எச்’ எண் 5. இவ்வளவே கணக்கு. தொடக்கப்பள்ளி மாணவனும் போட்டுவிடலாம். இதன் கவர்ச்சிக்கு அதுவே பெருங்காரணம் என்பது நம் ஐயம்.

மேற்கோளை எண்ணும் வழக்கம் ஹிர்ஷுக்கு வெகு முன்னரே தோன்றியது. ஒரு தீர்ப்பு பின்வந்த எந்தெந்தத் தீர்ப்புகளில் எடுத்தாளப்பட்டது என வழக்கறிஞர்கள் அறியும் பொருட்டு, ஃபிராங்க் ஷெப்பர்டு என்பார் 1873இல் இல்லினாய் மாநிலத்தில் ஓர் அட்டவணைப் பணியைத் தொடங்கினார். அவ்வழியைப் பின்பற்றி, அறிவியல் கட்டுரைகளுக்கும் அத்தகைய அட்டவணை வேண்டும் என யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் எழுதினார். பிலதெல்பியாவில் அவர் நிறுவிய நிலையம் 1964இல் அதனை வெளியிடலாயிற்று. வேதாகம ஒத்தவாக்கிய அகராதியைப் புரட்டிப் பழகிய நமக்கு இதன் பயன் எளிதில் விளங்கும். ஒரு கருத்து எங்கே தொடங்கி எங்கெங்கே சென்றது எனத் தேடுவோர்க்கு அது வழிகாட்டி. தேடுவதற்கென்று செய்த கருவி மனிதரை நிறுப்பதற்கான தராசாக மாறியதே பின்னர் நேர்ந்த கதை.

ஹிர்ஷின் கட்டுரைக்கு உரிய மதிப்பை மறுப்பது நேர்மையாகாது. கட்டுரைகளின் தொகையை மட்டும் எண்ணினால் பயனற்றவற்றை எழுதிக் குவிப்பவர் முந்துவார். மேற்கோள்களின் மொத்தத்தை மட்டும் எண்ணினால், ஏதோ ஒரு கட்டுரையில் பத்துப் பேருள் ஒருவராகப் பெயர் சேர்த்தவரும் முந்துவார். கட்டுரை வெளிவந்த இதழின் பெருமையை வைத்து எடைபோட்டால், எளிய இதழில் எழுதிய நல்லறிஞர் பின்தள்ளப்படுவார். இம்மூன்று குறைகளையும் ஒருங்கே குறைக்க அவர் முயன்றது பாராட்டுக்குரியது. மேலும், ஒருவருடைய பன்முகத் தகுதியை ஒற்றை எண் தோராயமாக மட்டுமே காட்டும், மதிப்பிடும்போது வேறு பலவற்றையும் சேர்த்துக் காண வேண்டும் என்று அவரே அக்கட்டுரையில் எச்சரித்துள்ளார். அதனை எத்தனை நியமனக் குழுக்கள் படித்தன என்பது வேறு செய்தி. அதே கட்டுரையில், நிலையான ஆசிரியப் பதவிக்கு ஏறத்தாழ 12, முழுப் பேராசிரியர் பதவிக்கு ஏறத்தாழ 18 என எண்களையும் அவர் தந்துவிட்டார். எச்சரிக்கையை மறந்து எண்ணைப் பற்றிக்கொள்வது மனித இயல்பு. எண்ணைத் தந்தவர் இதனை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பது நம் முதற் குறை.

இரண்டாவது குறை ஆழமானது. இவ்வளவுகோலின்படி ஒருவருடைய எண், அவர் எழுதியவற்றின் தொகையைத் தாண்டவே இயலாது. வாழ்நாளெல்லாம் உழைத்து ஒரே நூல் எழுதியவர், அந்நூல் தொள்ளாயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும், 1 என்ற எண்ணோடு நிற்பார். பன்னிரண்டு முறை எடுத்தாளப்பட்ட பன்னிரண்டு சிறு கட்டுரைகளின் ஆசிரியரோ 12 பெறுவார். நம் துறையிலிருந்தே ஒருவரை நினைவுகூரலாம். ஹாம்பர்க் நகரத்து ரெய்மாருஸ் 1768இல் இறந்தார். திருமறையின் வரலாற்றுச் செய்திகளை வினாவுக்குட்படுத்திய தம் பெருநூலை அவர் வாழ்நாளில் வெளியிடவேயில்லை. அதன் பகுதிகளை லெஸ்ஸிங் 1774ஆம் ஆண்டு முதல் ஆசிரியர் பெயரின்றி அச்சிட்டார். 1906இல் ஆல்பர்ட் ஷ்வைட்சர் வரலாற்று இயேசுவைப் பற்றிய ஆய்வின் கதையை எழுதியபோது, ரெய்மாருஸையே தொடக்கமாகக் கொண்டார். ஒரு நூற்றாண்டு ஆய்வைத் தூண்டிய எழுத்துக்கு அதன் ஆசிரியர் உயிரோடிருந்தபோது ஹிர்ஷின் கணக்கில் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பு சுழியம். அவருடைய முடிவுகளை நாம் ஏற்கிறோமா என்பது இங்குப் பொருளன்று. மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வும் 1866இல் அச்சாகி, 1900 வரையில் பெரிதும் கவனிப்பாரற்றே கிடந்தது.

இனி, மேற்கோள் என்பதன் தன்மையையே நோக்குவோம். ஒருவர் மற்றொருவரை எடுத்தாள்வது எப்போதும் உடன்பாட்டின் அடையாளமா? ருடால்ஃப் புல்ட்மன் 1941இல் புதிய ஏற்பாட்டையும் தொன்மத்தையும் பற்றி ஆற்றிய உரையை எடுத்தாண்டோரில் மறுக்கவே எடுத்தாண்டோர் எண்ணற்றவர். இறையியலில் இது இயல்பு. சில வேளைகளில் மறுக்கப்படுவதே பெருமையின் சான்று. ஆனால் மருத்துவத்தில் நிலை வேறு. தடுப்பூசி ஒன்றையும் குழந்தைகளின் மனவளர்ச்சிக் குறையையும் தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் இதழில் வெளிவந்த கட்டுரை, 2010இல் அவ்விதழாலேயே திரும்பப் பெறப்பட்டது. அதைக் கண்டிப்பதற்காக எழுதப்பட்ட கட்டுரைகளும் அதற்கு மேற்கோள்களையே சேர்த்தன. கணக்கிடும் பொறிக்குப் புகழ்ச்சியும் கண்டனமும் ஒன்றே. ஒருவர் தம்மைத் தாமே எடுத்தாள்வதும், நண்பர் இருவர் ஒருவரையொருவர் மாறிமாறி எடுத்தாள்வதும் அதே கணக்கில்தான் சேர்கின்றன.

ராபர்ட் மெர்ட்டன் என்னும் சமூகவியலார் 1968இல் எழுதிய கட்டுரையொன்று நம் வாசகர்க்குச் சிறப்பாகப் பயன்படும். முன்னமே புகழ்பெற்ற அறிஞருக்கு மேலும் புகழ் குவிகிறது, பெயரறியாதவர் அதே பணியைச் செய்தும் மறக்கப்படுகிறார் என்பதை அவர் விளக்கி, அதற்கு ‘மத்தேயு விளைவு’ எனப் பெயரிட்டார். தாலந்து உவமையின் முடிவிலுள்ள, மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் 29ஆம் வசனத்தை எண்ணியே அப்பெயர். அந்த வசனத்தின் பொருளை மெர்ட்டன் சரியாகக் கையாண்டாரா என்பது விளக்கவுரை வகுப்புக்குரிய வினா. அதனை மாணவர்க்கே விடுகிறோம். நாம் சுட்ட விரும்புவது வேறு. அக்கட்டுரைக்கு அடிப்படையாயிருந்தவற்றுள் முக்கியமானவை, நோபல் பரிசு பெற்றோருடன் ஹாரியட் சக்கர்மன் என்னும் பெண் ஆய்வாளர் நிகழ்த்திய நேர்காணல்கள். அக்கட்டுரை இருவர் பெயரிலும் வெளிவந்திருக்க வேண்டும் என மெர்ட்டனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். புகழ் ஒருவர்பால் குவிவதைப் பற்றிய கட்டுரையின் புகழே ஒருவர்பால் குவிந்தது. எந்த எச் எண்ணும் இதைச் சரிசெய்யாது. மேற்கோள் அட்டவணை, தலைப்புக்குக் கீழுள்ள பெயரை மட்டுமே அறியும்.

கூட்டாசிரியர் சிக்கல் மறுமுனையிலும் உண்டு. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வெளியான இயற்பியல் கட்டுரைக்கு ஆசிரியர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஒவ்வொருவருக்கும் அக்கட்டுரை முழுமையாகக் கணக்கில் ஏறும். அத்துகளுக்குப் பெயர் தந்த பீட்டர் ஹிக்ஸோ 1964க்குப் பின் எழுதிய கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. இன்றைய முறையில் தமக்கு ஆசிரியப் பணியே கிடைத்திராது என 2013இல், நோபல் பரிசு பெற்ற ஆண்டிலேயே, அவர் கூறினார். துறைக்குத் துறை அளவும் மாறுகிறது. ஹிர்ஷ் தம் கட்டுரையிலேயே இயற்பியலில் மிக உயர்ந்த எண்ணாக 110ஐயும், உயிரியலில் 191ஐயும் குறித்துள்ளார். ஒரே மனிதருக்கே வெவ்வேறு தரவுத் தொகுப்புகள் வெவ்வேறு எண்களைத் தருகின்றன என்பதையும் இங்கே சொல்லிவைப்போம்.

ஹிர்ஷின் நேர்மையைப் பற்றி ஒரு சொல். 2020இல் அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் மடல் ஒன்றில் அவர் மீண்டும் எழுதினார். மீக்கடத்தல் பற்றி நிலைபெற்ற கோட்பாட்டைப் பல்லாண்டுகளாக மறுத்து வருபவர் அவர். பெரும்பான்மைக் கருத்துக்கு மாறாக எழுதுவோர் மேற்கோள் பெறுவதில்லை. மேற்கோளை நாடுவோர் பெரும்பான்மையைவிட்டு விலகுவதில்லை. இதைத் தம் அனுபவத்தில் கண்ட அவர், தம் அளவுகோல் படுதோல்வி அடையவும் கேடு விளைவிக்கவும் கூடும் என அம்மடலில் ஒப்புக்கொண்டார். தாம் செய்த கருவியைப் பற்றி இவ்வாறு எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? 2005ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிப்போர் 2020ஆம் ஆண்டு மடலையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டு விதிகளில் ஆசிரியர்களின் ஆய்வுப் பணிக்கு மதிப்பெண் இடும் முறையை வகுத்தது. அதன் விளைவாகப் பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் காளான்போல் முளைத்தன. அவற்றை வடிகட்ட 2018இல் ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலை அக்குழு ஏற்படுத்திற்று. 2025இல் அப்பட்டியலையும் கைவிட்டது. மதிப்பெண் வந்தது, மதிப்பெண்ணுக்கென்று எழுத்து வந்தது, அதைத் தடுக்கப் பட்டியல் வந்தது, பட்டியலும் போயிற்று.

இறையியல் கல்லூரிகளின் வழக்கங்கள் வேறாயினும் காற்று அதே திசையில்தான் வீசுகிறது. அண்மையில் நாம் காண நேர்ந்த ஆசிரியர் விண்ணப்பப் படிவம் ஒன்றில் எச் எண்ணுக்கென ஒரு கட்டம் இருந்தது. தமிழில் எழுதிய நூல்களைக் குறிக்க இடம் இல்லை. தமிழில் விளக்கவுரை நூல்கள் எழுதி, அவை கிராமச் சபைகளின் வேதபாட வகுப்புகளில் பக்கங்கள் கிழியும்வரை பயன்படக் கண்ட ஒருவர், அக்கட்டத்தில் 1 என எழுதிக்கொடுத்தார். அந்த 1 கூட, ஆங்கிலத்தில் அவர் எழுதிய கட்டுரையொன்றினால் வந்தது. தரவுத் தொகுப்புகள் பெரிதும் ஆங்கில இதழ்களையே அலசுகின்றன. நூல்களைக் குறைவாகவும், தமிழ் நூல்களை ஏறத்தாழ இல்லையென்னும் அளவிலும் அவை காண்கின்றன. பிரசங்க மேடையில் எடுத்தாளப்படும் கருத்துக்கு அடிக்குறிப்பு ஏது?

இதன் விளைவு இளம் ஆசிரியர்மேல் விழுகிறது. தம் சபையார் படிக்கத்தக்க நூலொன்றைத் தமிழில் எழுத நான்காண்டுகள் செலவிடுவதா, அன்றி அயல்நாட்டு இதழ்களுக்கு ஆண்டுக்கு இரு கட்டுரைகள் அனுப்புவதா? குடும்பமும் ஊதியமும் இரண்டாவதையே நோக்கி இழுக்கும். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. 1938இல் தாம்பரம் மாநாட்டையொட்டிச் சென்னையில் வெளிவந்த ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொகுப்பை நினைத்துப் பார்க்கட்டும். அதன் ஆசிரியருள் செஞ்சய்யாவும் சக்கரையும் சட்டத்துறையினர். இறையியல் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். கிரேமரின் கருத்துக்கு அவர்கள் உரைத்த மறுமொழி இந்திய இறையியல் வகுப்புகளில் இன்றும் பேசப்படுகிறது. அவர்களை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் அடைப்பது?

அளவீடே வேண்டாம் என நாம் கூறவில்லை. அளவீடு இல்லாத இடத்தில் சிபாரிசும் சாதியும் உறவும் நாற்காலி போட்டு அமர்ந்துகொள்ளும் என்பது நம் திருச்சபை நிறுவனங்களை அறிந்தோர் அறிந்ததே. வேண்டியவருக்கு வேண்டியது கொடுக்கும் குழுவின் முன், எளிய குடும்பத்து ஆய்வாளர் ஒருவருக்கு எண் ஒன்றே துணையாக நிற்கக்கூடும். ஹிர்ஷின் அளவுகோலுக்கு ஆதரவாகக் கூறத்தக்க வலிய வாதம் இதுவே. அவரை மறுப்போர் பலர் இதனை எளிதில் கடந்துசெல்கின்றனர். ஆயினும் எண்ணைக் கேட்கும் குழு, எண்ணுக்குப் பின்னாலுள்ள எழுத்தைப் படிக்கும் கடமையினின்று விடுதலை பெறுவதில்லை.

2015இல் வெளியான லைடன் அறிக்கை பத்து நெறிகளை வகுத்துள்ளது. உள்ளூர்த் தேவையோடு இயைந்த ஆய்வைக் காக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆங்கிலமல்லாத மொழிகளில் எழுதுவோரை மனத்திற்கொண்டு கூறப்பட்டது அது. நம் கல்லூரிகள் அதனை ஏற்றுச் செயல்படுவது கடினமன்று. விண்ணப்பிப்பவர் தம் எழுத்துகளுள் சிறந்தனவாகக் கருதும் மூன்றை, எம்மொழியிலாயினும், அனுப்பட்டும். குழுவினருள் இருவர் அவற்றை முற்றும் படித்துத் தனித்தனியே ஒரு பக்கம் எழுதட்டும். அவற்றுள் ஒன்றேனும் தமிழில் இருக்குமாயின், சபைகளில் அது எவ்வாறு பயன்பட்டது என இரண்டு ஆயர்களைக் கேட்கட்டும். அதன்பின் எச் எண்ணையும் பார்க்கலாம். இதற்கு ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு நாள் செல்லும் எனக் குழுத்தலைவர் ஒருவர் நம்மிடம் முறையிட்டார். தேர்ந்தெடுக்கப்படுபவர் அக்கல்லூரியில் இருபது ஆண்டுகள் கற்பிக்கப்போகிறார் என்பதை அவருக்கு நினைவூட்டினோம்.