'எரியும் பனிக்காடு': ஓசூரில் ஒரு வாசிப்பு

மக்களின் சுகாதாரத்தையும் சமுதாய நீதியையும் ஒருசேரச் சிந்திக்க ஓசூர்ப் பகுதியில் வாசகர் வட்டம் ஒன்று கூடுமானால், அது முதலில் எடுத்துக்கொள்ளத்தக்க நூல் எது? மருத்துவர் பி. எச். டேனியல் எழுதிய 'எரியும் பனிக்காடு' என்பதே நம் விடை. 1969-ஆம் ஆண்டில் 'ரெட் டீ' என்னும் பெயருடன் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்நாவலை இரா. முருகவேள் 2007-இல் தமிழாக்கித் தந்தார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் மருத்துவப் பணியாற்றிய ஆசிரியர், முதிய தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றையே கதையாக வடித்துள்ளார்.

ஓசூரில் தேயிலையும் இல்லை, பனிக்காடும் இல்லை. ஆயினும் திருநெல்வேலிச் சீமையின் மயிலோடையிலிருந்து பசியால் துரத்தப்பட்ட கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறும் காட்சியைச் சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் வாழும் எவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்தக்காரரின் சொல்லை நம்பி வந்திறங்கும் இளைஞரை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அன்றைய தளையும் இன்றைய ஒப்பந்தக் கூலியும் ஒன்றே என்று கூறுதல் மிகையாகும். தோட்டத்தை விட்டோடிய கூலியைக் குற்றவாளியாக்குவதற்கு அன்று சட்டமே துணைநின்றது. 1859-இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தை நீக்க 1925-இல்தான் மற்றொரு சட்டம் பிறந்தது. எனினும் முன்பணம், இடைத்தரகர், ஊருக்குத் திரும்ப இயலாத தொலைவு என்னும் மூன்றும் சேரும்போது மனிதன் எவ்வாறு கட்டுண்கிறான் என்பதை இந்நாவலைப்போல் தெளிவாகக் காட்டும் நூல்கள் தமிழில் மிகச் சிலவே.

நூலின் சிறப்பு, அது நோயைக் கையாளும் முறையில் இருக்கிறது. மலைக்காய்ச்சல் இக்கதையில் விதியாகவோ தெய்வ தண்டனையாகவோ வருவதில்லை. ஓயாத மழை, அட்டைக்கடி, ஒழுகும் குடியிருப்பு, அரைவயிற்று உணவு ஆகியவற்றின் வழியாக அது வருகிறது. படுத்தவனுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாதபோது கடன் ஏறுகிறது. கடன் ஏறியவன் மலையிறங்க முடியாது. இறங்க முடியாதவன் மீண்டும் படுக்கிறான். கணக்கேடும் காய்ச்சலும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை ஆசிரியர் வாதமாகச் சொல்லாமல் நிகழ்ச்சிகளால் உணர்த்துகிறார். 1848-இல் மேல் சைலீசியாவில் பரவிய கொள்ளைக்காய்ச்சலை ஆராயச் சென்ற ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவ், மருந்தை முதன்மைப்படுத்தாமல் கல்வியையும் மக்களாட்சியையும் பரிந்துரைத்துத் திரும்பினார் என்பதை இங்கே நினைவுகூரலாம். விர்ச்சோவ் அறிக்கையாகத் தந்ததை டேனியல் கதையாகத் தருகிறார்.

குறையும் அந்த மருத்துவத் துறையிலிருந்தே வருகிறது. நாவலின் பிற்பகுதியில் ஆபிரகாம் என்னும் நல்ல மருத்துவர் வருகிறார். அவர் வந்தபின் கதையின் பார்வை மெல்ல இடம் மாறுகிறது. அதுவரை கருப்பனின் கண்களால் தோட்டத்தைக் கண்ட நாம், இனி மருத்துவரின் கண்களால் கருப்பனைக் காண்கிறோம். துன்புற்றவன் கதையின் தலைவனாயிருந்து நோயாளியாகக் குறுகிவிடுகிறான். முல்க் ராஜ் ஆனந்த் 1937-இல் வெளியிட்ட அஸ்ஸாம் தேயிலைத் தோட்ட நாவலிலும் தொழிலாளர்மேல் பரிவுள்ள மருத்துவர் ஒருவர் உண்டு. ஆனால் அவர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். கூலியைச் சுட்டுக்கொன்ற துரை விடுதலை பெறுகிறான். நல்லெண்ணத்தின் எல்லையை ஆனந்த் கண்டுகொண்ட அளவுக்கு டேனியல் காணவில்லை என்றே கருதுகிறோம்.

கிறிஸ்தவ வாசகர் இவ்விடத்தில் சற்று நின்று தம்மை ஆராய்வது நன்று. இந்நாவலைத் தழுவி 2013-இல் வெளிவந்த 'பரதேசி' திரைப்படம், அந்த மருத்துவரை ஆடிப்பாடி மதம் மாற்றுகிறவராக்கியது கண்டு பலர் மனம் வருந்தினர், அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் திரைப்படத்தின் மருத்துவரை மறுப்பது எளிது. நாவலின் மருத்துவரே நமக்குப் பெரிய சோதனை. மருத்துவப் பணியின் வரலாற்றைப் பெருமையோடு பேசிப் பழகிய நாம், அவரைக் கண்டதும் கதை முடிந்துவிட்டதாக எண்ணி மூச்சு விடுகிறோம். மருத்துவ வசதியைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கிய 1951-ஆம் ஆண்டுச் சட்டமோ எந்த ஆபிரகாமின் கருணையாலும் வந்ததன்று.

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் வாழ்வோர் இதை எளிதில் உணர்வர். அங்கே பாறைகளின் ஊடே எடுக்கப்படும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தமையால் குழந்தைகளின் பற்களில் கறை படிந்தது. முதியோரின் எலும்பு விறைத்தது. எலும்பைப் பற்றிய பின் அந்நோயைத் தீர்க்க மருந்தில்லை. ஊட்டமில்லாத உடலை அது மேலும் வருத்துகிறது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் 1937-இலேயே மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், கர்நாடகத்துடன் எழுந்த பூசலையும் கடந்து, 2013-இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டில் இங்கே நல்ல மருத்துவர்கள் இல்லாமற் போகவில்லை. தண்ணீர்தான் வரவில்லை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் பெங்களூரின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை பலமுறை நுரைபொங்கி நின்றதையும் எந்த மருந்துச் சீட்டும் தடுக்கவில்லை.

வாசகர் வட்டத்தினருக்கு இடர் ஒன்று உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் இவ்வெல்லைப்புறத்தில், இக்கதை யாருடைய வாழ்வுக்கு மிக நெருங்கியதோ அந்த இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர் இத்தமிழ் நூலை வாசிக்க இயலாது. ஷிப்ட் முறை வேலையும் அவர்களை மாலைக் கூட்டத்திற்கு விடாது. அவர்கள் இல்லாத அறையில் அவர்களைப் பற்றிப் பேசினால், நாவலின் பிற்பகுதி செய்த பிழையையே வட்டமும் செய்ததாகும். வார விடுமுறை நாளில், அவர்கள் தங்கும் இடத்திற்கே சென்று, மொழியறிந்த ஒருவரைக்கொண்டு சில பக்கங்களையேனும் வாய்விட்டு வாசிக்கச் செய்யலாம். அவ்வாறு செய்வோர் மருத்துவர் ஆபிரகாம் வருவதற்கு முந்திய அதிகாரத்தோடு நூலை மூடிவைத்து, இனி என்ன நடந்திருக்க வேண்டும் என்று கேட்டவர்களிடமே வினவட்டும்.