அடைத்தது எது, அடைக்க வைத்தது எது

மாருதி ஆல்டோ 800 மதுரையிலும் ஓடுகிறது, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலும் ஓடுகிறது. தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்று பேரெடுத்த டாட்டா ஏஸ், இங்கே ‘பட்டா’ என்ற பெயரோடு மரக்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வருகிறது. பஜாஜ் ஓட்டோவைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே வாகனம், ஒரே புகைக்குழாய். ஆனால் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் பார்க்கும் வைத்தியம் வேறுவேறு.

நோயின் குறிகளில் வேறுபாடு இல்லை. நிற்கும்போது எஞ்சின் ஒழுங்காக ஓடும். அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க முனகும், வேகம் ஏறாது. நாலு பேரை ஏற்றினால் இழுக்காது. எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். முற்றிய நிலையில் ஸ்டார்ட் ஆகிச் சிறிது நேரத்தில் நின்றுவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன் படும் பாடுதான் இது: எரிந்த வாயு வெளியேறாவிட்டால் புதிய காற்றுக்குச் சிலிண்டரில் இடமில்லை. சிக்கல் என்னவென்றால், அடைத்த எரிபொருள் வடிகட்டியும் தளர்ந்த பம்பும் ஏறக்குறைய இதே குறிகளைக் காட்டும். அதனால் நோயைப் பிரித்தறிவதுதான் முதல் வேலை. இரு கரையும் அங்கேயே பிரிந்துவிடுகின்றன.

யாழ்ப்பாணத்துக் கராஜில் முதலில் வேலை செய்வது கையும் காதும். பின்குழாயின் வாயில் கையைப் பிடித்துப் புகையின் தள்ளலைப் பார்ப்பார்கள். சைலன்சரையும், புகையின் நச்சைக் குறைக்கும் கன்வேட்டரையும் ரப்பர் சுத்தியலால் தட்டி, உள்ளே ஏதாவது உடைந்து கிலுங்குகிறதா என்று கேட்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் கன்வேட்டருக்கு முன்னால் உள்ள இணைப்பைத் தளர்த்தி, ஊரைக் கூட்டும் சத்தத்தோடு ஒரு ஓட்டம் ஓடிப் பார்ப்பார்கள். இழுவை திரும்பினால் அடைப்பு அந்த இணைப்புக்குப் பின்னால். கருவி எதுவும் வேண்டாத சோதனை. பிழைக்கும் இடம் குறைவு.

தமிழ்நாட்டு நகரங்களின் ஒர்க்‌ஷாப்பில் முதலில் வெளிவருவது ஸ்கேனர். இந்தியாவில் புதிய கார்களுக்கு 2010 முதல் தன்னாய்வு முறை படிப்படியாகக் கட்டாயமானது; 2013இல் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. ஸ்கேனரைச் செருகியதும் P0420 என்று ஒரு குறியீடு தெரியும். கன்வேட்டர் போதிய அளவு வேலை செய்யவில்லை என்பதே அதன் பொருள், அடைத்துவிட்டது என்பதல்ல. சில வேளை குறை சென்சரில் இருக்கும், சில வேளை குழாய் இணைப்பில் ஒரு கசிவு இருக்கும். குறியீட்டைக் கண்டதும் பாகத்தை மாற்றிவிடும் அவசரம் அங்கே அதிகம்.

இந்தப் பழக்கங்களுக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. 1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேல் பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. பிளக்கிலும் வால்விலும் குழாயிலும் கரி படியும். புதுப் பாகம் வாங்க வழியில்லை. அன்றைய சைலன்சருக்குள் இருந்தவையோ வெறும் தகடுகளும் துளையிட்ட குழாயும். கழற்றித் தட்டலாம், நெருப்பில் வாட்டலாம், வயிற்றை வெட்டித் திறந்து கரியைச் சுரண்டி மறுபடி ஒட்டலாம். எதையும் திறந்தால் திருத்தலாம் என்ற நம்பிக்கைக்கு அந்த ஆண்டுகள் உரமிட்டன.

இந்தியா வேறு வழியில் வந்தது. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நாலு பெருநகரங்களிலும் விற்கப்படும் புதிய கார்களுக்குக் கன்வேட்டர் கட்டாயமானது. கன்வேட்டரை ஈயம் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெற்றோலும் கூடவே வந்தது. 2000இல் நாடு முழுதும் ஈயம் ஒழிந்தது. இலங்கை ஈயப் பெற்றோலைக் கைவிட்டது 2002இல். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மறுபடி திறந்ததும் அதே ஆண்டில். யாழ்ப்பாணத்துக் கராஜ் கன்வேட்டரோடு நன்றாகப் பழகியது அதன் பின்னர்தான், ஜப்பானில் ஓடிக் கழிந்த கார்கள் வழியாக.

பழைய கைப்பழக்கம் தடுமாறுவது இந்தப் பெட்டியிடம். உள்ளே இருப்பது நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான்; அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு. பிளக்கோ கொயிலோ பழுதாகி எரியாத பெற்றோல் இங்கே வந்து எரிந்தால் பீங்கான் உருகித் துளைகள் மூடும். எஞ்சின் ஒயில் குடித்தால் அதன் சாம்பல் படியும். உருகிய பீங்கானைத் தட்டியோ வாட்டியோ மீட்க முடியாது. ஆனாலும் கை திறந்து பழகிவிட்டது. எனவே பெட்டியைத் திறந்து, குடலை எடுத்து, வெறும் கூட்டை ஒட்டிவிடுவதும் திருத்தமாகிவிடுகிறது. கார் பறக்கும், நச்சுப் புகையும் தடையின்றிப் பறக்கும்.

தமிழ்நாட்டிலும் இது நடக்காமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது என்றாலும், குடலெடுக்கும் கடைகள் அங்கேயும் உண்டு. ஆயினும் அங்கே வழக்கமான தீர்வு மாற்றுவது. கம்பனிப் பாகம் கைக்கெட்டாத விலை என்றால் சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது, பழைய பாகங்களின் கடல். இங்கே கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி அனுப்பவேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. இருக்கும் காரை எப்படியாவது ஓட்டியாக வேண்டிய ஊரில் வெட்டுவதும் ஒட்டுவதும் பிடிவாதம் அல்ல, பிழைப்பு.

அந்தக் கை வெல்லும் இடமும் உண்டு. குடாநாட்டில் ஓட்டங்கள் சின்னவை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கே 35 கிலோமீற்றர் வராது. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் காரின் பின் சைலன்சர் முழுதாகச் சூடேறுவதில்லை. எரிவில் உண்டாகும் நீர் உள்ளேயே தங்கி, துரு பிடித்து, உட்தகடு கழன்று வழியை மறிக்கும். இதற்குப் புதுச் சைலன்சர் தேவையில்லை. வெட்டித் திறந்து தகட்டை ஒட்டிக் கொடுக்கும் வெல்டர் போதும். ஹைபிரிட் கார்களிலும் அப்படித்தான். மூன்றாம் தலைமுறை பிரியஸில் புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்குத் திருப்பும் கூலரில் காபன் அடைப்பது அறியப்பட்ட குறை. கழற்றிக் கழுவினால் அது பிழைக்கும். விட்டால் ஹெட் கஸ்கற் வரை போகும்.

டீசல் வாகனத்தில் கணக்கு மாறுகிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ்-6 வந்தபின் இந்தியாவின் புதிய டீசல் கார்களில் கரி வடிகட்டி இருக்கிறது. அதற்கேற்ப எரிபொருளின் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. சேர்ந்த கரியை எரிக்க வடிகட்டி 600 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறவேண்டும். சென்னை நெரிசலில் ஊரும் காருக்கும் யாழ் நகருக்குள் சுற்றும் ஜப்பானிய வானுக்கும் அந்தச் சூடு கிடைப்பது அரிது. விளக்கு எரியத் தொடங்கும்போதே ஏ-9இல் கிளிநொச்சிப் பக்கம் சீராக ஓடிவந்தால் பெரும்பாலும் தீரும். விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால்தான் கழற்றும் நிலை வரும்.

புகைச் சான்றிதழ் இதையெல்லாம் கண்டுபிடிக்கும் என்று நம்புவது வீண். இலங்கையில் வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை; இந்தியாவில் பி.யு.சி. இரண்டும் வெளிவரும் புகையில் என்ன இருக்கிறது என்று பார்க்கின்றன; அது எவ்வளவு திணறி வருகிறது என்று பார்ப்பதில்லை. பாதி அடைத்த கார் சான்றிதழோடு வீடு திரும்பலாம்.

இரு கரைக்கும் தேவையானது ஒரு சிறு கருவி. வக்கியூம் கேஜை எஞ்சினின் காற்றுவழியில் இணைத்தால், நல்ல எஞ்சின் நிற்கும்போது 17 முதல் 21 அங்குலம் காட்டும். 2,500 சுற்றில் பிடித்து வைத்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கினால் குழாயில் அடைப்பு. முன் ஒட்சிசன் சென்சரைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியைப் பூட்டினால் எவ்வளவு அடைப்பு என்பதும் எண்ணாகத் தெரியும். இந்தச் சோதனைக்குப் பிறகு வெட்டுவதா, மாற்றுவதா என்று முடிவெடுக்கலாம்.

அதன் பின்பும் ஒரு கேள்வி நிற்கிறது. இங்கே குடலெடுத்தவரும் அங்கே புதுப் பெட்டி பூட்டியவரும் அதைக் கேட்கத் தவறுகிறார்கள்: பீங்கான் ஏன் உருகியது? பழுதான கொயிலை அப்படியே விட்டால் புதுக் கன்வேட்டரும் அடைக்கும். வெறுங்கூடு அடைக்காது, ஆனால் எரியாத பெற்றோலின் காசு குழாய் வழியே போய்க்கொண்டிருக்கும். ஆகவே கராஜில் கணக்கு முடிக்கும்முன் பிளக், கொயில், ஒயில் அளவு மூன்றையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் காரை இன்னும் எடுக்கவேண்டாம்.