முதுகு மட்டும் தெரிந்த பயணம்

உங்கள் வீட்டு கம்ப்யூட்டர் ஒரு நாள் திடீரென்று படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒரு ரகம் உடனே ஆளுக்கு போன் பண்ணும். இன்னொரு ரகம் ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். நான் இரண்டாவது ரகம். கேபினட்டைத் திறந்து, ரேமைப் பிடுங்கி, அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். அப்போது வரும் கர்வம் இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது.

இந்த இரண்டாவது ரகத்துக்கு ஒரு வேதப் புத்தகம் உண்டு. ராபர்ட் பிர்சிக் எழுதி 1974-ல் வந்த 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்'. 121 பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய புத்தகம். அப்புறம் லட்சக்கணக்கில் விற்றது. சமீபத்தில் மூன்றாவது தடவையாகப் படித்தேன். முதல் இரண்டு தடவையும் தப்பாகப் படித்திருக்கிறேன் என்று தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

கதை எளிமையானது. 1968-ல் ஒருவர் தன் 11 வயது மகன் கிறிஸ்ஸை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மின்னசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை போகிறார். பாதி வழி வரை ஒரு நண்பரும் அவர் மனைவியும் வேறு வண்டியில் கூட வருகிறார்கள். போகிற வழியெல்லாம் இவர் மனசுக்குள் லெக்சர். ஆசாமி பிழைப்புக்கு கம்ப்யூட்டர் மேனுவல் எழுதுகிறவர். 'பக்கவாட்டு மூடியைக் கழற்றவும்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிற ஜாதி. ஆனால் அந்த மூடியின் ஸ்க்ரூ மண்டை தேய்ந்து மாட்டிக்கொண்டால்? அப்போது அந்தப் பைசா பெறாத ஸ்க்ரூவின் மதிப்பு முழு வண்டியின் விலை என்கிறார். கழற்ற முடியாவிட்டால் வண்டியே உதவாதே!

எனக்குப் பிடித்த இடம் ஒன்று. அவருடைய வண்டி என்ஜின் அடிக்கடி இறுகி நின்றுவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் விடுகிறார். ரேடியோ அலற, பையன்கள் சிரித்துக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். உளியையும் சுத்தியலையும் வைத்து அடித்ததில் என்ஜினின் கூலிங் ஃபின் உடைகிறது. கோளாறு மட்டும் போகவில்லை. கடைசியில் இவரே கண்டுபிடிக்கிறார். உள்ளே ஆயில் போகிற பாதையில் ஒரு 25 சென்ட் பின் முறிந்திருக்கிறது. அவ்வளவுதான். அந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை, வேடிக்கை பார்க்கிறவர்கள் என்கிறார். தங்கள் வேலையையே வெளியிலிருந்து வேடிக்கை பார்க்கிறவர்கள்.

'அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்ப வண்டியெல்லாம் கம்ப்யூட்டர்' என்பீர்கள். என் காரில் ஒரு நாள் ஆரஞ்சு நிறத்தில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகினார்கள். பி0171 என்று கோடு வந்தது. பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். பில்லைப் பார்த்து எனக்கு ஆக்ஸிஜன் தேவைப்பட்டது. நாலு நாளில் மறுபடி விளக்கு. தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்கேனரை எடுக்கவில்லை. பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். "உஸ்ஸுனு சத்தம் வருது பாருங்க சார்." விரல் நீள ரப்பர் ஹோஸ் ஒன்று வெடித்திருந்தது. அந்த வழியாகத்தான் கணக்கில் வராத காற்று உள்ளே போயிருக்கிறது. சின்ன ஹோஸ், சின்ன பில்.

கோடு நோயைச் சொல்லாது, ஜுரத்தைத்தான் சொல்லும். காரணத்தைத் தேட ஒரு மனிதர் கவனிக்க வேண்டும். இந்த விஷயத்தில் பிர்சிக் இன்றைக்கும் செல்லுபடியாகிறார்.

ரிப்பேரின்போது மனசு சோர்ந்துபோகிற இடங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். அதில் நம்ம ஊர்ச் சரக்கும் ஒன்று. தென்னிந்தியக் குரங்குப் பொறி! தேங்காய்க்குள் அரிசி வைத்து, கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுக் கட்டிவைப்பது. குரங்கு கையை விட்டு அரிசியைப் பிடித்துக்கொள்ளும். மூடிய கை வெளியே வராது. விட்டால் தப்பலாம், விடாது. 'சென்சார்தான் போச்சு' என்று பிடித்துக்கொண்ட ஒர்க்‌ஷாப்பும் அதுதான். பிர்சிக் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். இங்கிருந்து எடுத்துப்போனது கொஞ்சம் இருக்கும்.

இனி குறைகள். 'தரம்' என்றால் என்ன என்று பிளேட்டோ, அரிஸ்டாட்டிலை இழுத்து வைத்துப் பேசும் அத்தியாயங்கள் நீளம். சிகாகோவில் தன்னை மட்டம் தட்டிய பேராசிரியரோடு பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்கிறார். எதிராளிக்குப் பேச இடமே தரவில்லை. நண்பர் ஜானுக்கும் அநியாயம். ஜானின் புது பி.எம்.டபிள்யூ மோட்டார் சைக்கிளில் ஹேண்டில்பார் வழுக்குகிறது. பீர் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் செருகினால் போதும் என்கிறார் இவர். அலுமினியம் மெத்தென்று இருக்கும், துருப்பிடிக்காது, சரியான யோசனைதான். ஜான் முகம் சுளிக்கிறார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டிக்கு பீர் டப்பாவா? நியாயமான மனுஷத்தனம். இவரோ அதை வைத்து நண்பரை ஒரு தத்துவத்துக்கே உதாரணம் ஆக்கிவிடுகிறார்.

ஆனால் நான் தப்பாகப் படித்தது இதையெல்லாம் இல்லை. கிறிஸ்ஸை.

பையன் வழியெல்லாம் வயிற்றுவலி என்கிறான். அழுகிறான். முரண்டு பிடிக்கிறான். அப்பா வால்வு சத்தத்தைக் கேட்டு என்ஜினுக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். பின்சீட்டின் குரல் மட்டும் அவருக்குப் புரியவில்லை. முதல் இரண்டு வாசிப்பிலும் 'என்ன தொந்தரவு பிடிச்ச பையன்' என்று நானும் பக்கத்தைப் புரட்டினேன். ரிப்பேர் குறிப்புகளுக்கு அடிக்கோடு போட்டேன்.  அப்பா ஒரு காலத்தில் மனநோய் ஆஸ்பத்திரியில் மின் அதிர்ச்சி சிகிச்சை பெற்றவர். பையனுக்கு அந்தப் பழைய அப்பா வேண்டும் என்ற உண்மை கடைசி அத்தியாயங்களில்தான் வெளிவருகிறது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போகும்போது கிறிஸ் ஃபுட்ரெஸ்டில் ஏறி நின்று முதல் தடவையாக ரோட்டைப் பார்க்கிறான். அத்தனை நாளும் அவன் பார்த்தது அப்பாவின் முதுகைத்தான்.

தத்துவம் பேசிய இடங்களில் தராத பாடத்தை, புத்தகம் இந்த இடத்தில் ஒரு பிரசங்கமும் இல்லாமல் தந்துவிடுகிறது. தன் நாயகனுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அது பெரிய எழுத்தாளன் செய்கிற காரியம்.

ஏன் இப்போது உறைத்தது என்றால், என் கதை ஒன்று இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பையனுக்கு சைக்கிள் கற்றுத் தருவதாக வாக்கு. காலையில் கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. திறந்து உட்கார்ந்தேன். "அப்பா, முடிஞ்சுதா?" என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. "இதோ, அஞ்சே நிமிஷம்டா." திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். அப்புறம் குரல் நின்றுபோனதைக்கூட கவனிக்கவில்லை. மானிட்டரில் வெளிச்சம் வந்ததும் வெற்றியோடு திரும்பினேன். ஆளைக் காணோம். தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்து ஓடிவந்து, விட்டுவிட்டு நின்றிருந்தார். பையன் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தான். ரேமை எப்போது வேண்டுமானாலும் தேய்த்திருக்கலாம். அந்தப் பத்து அடி இனி வராது.

பிர்சிக்கின் கணக்கு இதைவிடக் கொடுமை. கிறிஸ் 1979 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜென் மையத்திலிருந்து வெளியே வந்தபோது வழிப்பறியில் கொல்லப்பட்டான். 23 வயது ஆகவில்லை. பத்தாம் ஆண்டுப் பதிப்பின் பின்னுரையில் அப்பாவே அதை எழுதியிருக்கிறார். அதில் பாண்டித்தியம் கிடையாது. பிர்சிக் 2017-ல் காலமானார். அந்த மோட்டார் சைக்கிள் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியத்தின் வசம் இருக்கிறது. வண்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள முடிகிறது.

புத்தகம் கிடைத்தால் படியுங்கள். பிளேட்டோ வருகிற பக்கங்களைத் தாண்டினால் பாவமில்லை. கிறிஸ் பேசுகிற ஒரு வரியையும் தாண்டாதீர்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பையனும் விடிவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளில் போகிறோம். முன்னால் போவது அவன். எனக்கு மூச்சு வாங்குவதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.