ஜாயிண்டர்: அகலம் என்னும் மயக்கம்

வீட்டில் மரவேலைப் பட்டறை போட நினைப்பவர் யாரிடம் யோசனை கேட்டாலும் இரண்டு பதில்கள் தவறாமல் வரும். முதலில் ஜாயிண்டர் வாங்குங்கள் என்பது ஒன்று. வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், கையிலுள்ள காசுக்குக் கிடைப்பதில் அகலமானதாகப் பார்த்து வாங்குங்கள் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே அமெரிக்கக் கராஜ்களில், அந்நாட்டு மர வியாபாரத்தின் நடைமுறையை ஒட்டி உருவான யோசனைகள். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு கார் ஷெட்டுக்குள் அவற்றை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் எது நிற்கும், எது நிற்காது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் இயந்திரம். நம்மூர் மில்களில் சர்ஃபேஸ் பிளேனர் என்று சொல்லப்படுவதும் இதுதான். முன்னும் பின்னுமாக இரண்டு மேசைகள், நடுவே பிளேடு பொருத்திய உருளை, பக்கவாட்டில் பலகையைச் சாய்த்துத் தள்ள ஒரு ஃபென்ஸ். பலகை ஏறும் முன்மேசை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். சீவியபின் பலகை போய் அமரும் பின்மேசை, பிளேடு நுனி தொடும் உச்ச உயரத்துக்குச் சரியாக நிற்கும். கோணலான பலகையை நாலைந்து முறை தள்ளினால் மேடுகள் கரைந்து அடிமுகம் மட்டமாகிவிடும். அந்த முகத்தை ஃபென்ஸில் ஒட்டவைத்து விளிம்பைத் தள்ளினால் மூலைமட்டம் வைத்துப் பார்க்கும்படி 90 டிகிரி கிடைக்கும்.

இதன் பலம் இங்கேதான். திக்னஸ் பிளேனர் மேலிருந்து சீவுகிறது. அதன் உருளைகள் பலகையை அடியோடு அழுத்திப் பிடித்து இழுக்கும். வளைந்த பலகை உள்ளே இருக்கும்வரை நிமிர்ந்திருக்கும், வெளியே வந்ததும் பழையபடி வளைந்துகொள்ளும். தடிமன் ஒரே சீராக இருக்கும், வளைவும் அப்படியே இருக்கும். ஆகவே ஒரு முகத்தை முதலில் எங்காவது மட்டமாக்கியே தீர வேண்டும். அதை அதிகப் பாடில்லாமல் செய்து தருவது ஜாயிண்டர். ஆனால் அது தனித்து நின்று வேலையை முடித்துத் தராது. இரண்டு முகங்களையும் ஜாயிண்டரிலேயே தள்ளினால் இரண்டும் மட்டமாகும், ஒன்றுக்கொன்று இணையாக இராது. ஒரு முனை 22 மி.மீ., மறுமுனை 19 மி.மீ. என்று ஆப்பு மாதிரி வந்து நிற்கும். ஜாயிண்டரை மட்டும் வாங்கியவர் கூடிய சீக்கிரம் திக்னஸ் பிளேனரும் வாங்க வேண்டிவரும் என்பதை யோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அடுத்தது அகலம். 6 அங்குலம் போதாது, 8 அங்குலமாவது வேண்டும் என்ற பேச்சுக்கு அமெரிக்காவில் வலுவான காரணம் உண்டு. அங்கே கடின மரம் இழைக்கப்படாத பலகைகளாக, வெவ்வேறு அகலங்களில் விற்கப்படுகிறது. 1898-இல் தொடங்கிய தேசியக் கடின மர வணிகர் சங்கத்தின் தர விதிகளில், எஃப்.ஏ.எஸ். என்ற உயர்தரப் பலகைக்குக் குறைந்தபட்ச அகலமே 6 அங்குலம், நீளம் 8 அடி. நல்ல பலகை என்று வாங்கினாலே அது 6 அங்குல இயந்திரத்தின் எல்லையில் தொடங்கி அதைத் தாண்டிப் போகிறது. 1989 முதல் 2009 வரை நார்ம் ஏப்ரம் நடத்திய ‘தி நியூ யாங்கி வொர்க்‌ஷாப்’ தொலைக்காட்சித் தொடரில், பெரிய இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் பட்டறையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அகலமான ஜாயிண்டர் என்பது ஆடம்பரமாகவும் படாது.

நம் நிலைமை வேறு. தேக்கோ வேங்கையோ வேம்போ, கன அடிக் கணக்கில் பேசி, மில்லிலேயே வேண்டிய சைஸுக்கு அறுத்து வாங்குகிறோம். மேசைக்கால், கதவுச் சட்டம், நாற்காலிக் கை எல்லாம் 2, 3, 4 அங்குலத்தில் முடிகின்றன. சுற்றளவு குறைந்த தோட்டத் தேக்கில், வெளிறு நீக்கிய பிறகு அகலப் பலகை எடுப்பதே கடினம். மேசைப் பரப்புக்கு எப்படியும் சிறு பலகைகளைத்தான் ஒட்டிச் சேர்க்கிறோம். பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் தூண், உத்தரம், பரண் பலகை போன்றவற்றை விரும்பி வாங்குபவருக்கு மட்டும் அகலம் உண்மையாகவே பயன்படும். அவருக்கும் அகலத்தைவிடப் பெரிய கவலை உள்ளே புதைந்து கிடக்கும் ஆணி. ஒரு துருப்பிடித்த ஆணி, பிளேடுகளில் ஒரே இடத்தில் பல் விழச் செய்துவிடும். அதன்பின் சீவும் ஒவ்வொரு பலகையிலும் ஒரு மெல்லிய வரி மேடாக ஓடும்.

பிளைவுட்டிலும் எம்.டி.எஃப்.பிலும் அலமாரி செய்கிறவருக்கு ஜாயிண்டரே தேவையில்லை. அந்தத் தகடுகள் மட்டமாகவே வருகின்றன. அவற்றிலுள்ள பசை, சாதாரண எஃகு பிளேடைச் சீக்கிரம் மழுக்குவதுதான் மிச்சம்.

அகலத்துக்குக் கொடுக்கும் விலை பணம் மட்டுமல்ல. 6 அங்குல வார்ப்பிரும்பு இயந்திரம் 1 குதிரைத்திறன் மோட்டாரில் ஓடும், எடை 100 கிலோவைச் சற்றுத் தாண்டும். 8 அங்குலம் என்றால் 2 குதிரைத்திறன், எடை 200 கிலோவுக்கு மேல், 6 அடி நீள இடம், போதாததற்கு இரண்டு பக்கமும் பலகை வந்துபோக வெற்றிடம். 10 அடிக்கு 12 அடி ஷெட்டில் அதை வைத்துவிட்டால் பிறகு ஸ்கூட்டர் தெருவில்தான் நிற்க வேண்டும்.

அகலம் பேசுகிறவர்கள் கண்டுகொள்ளாமல் விடுவது நீளம். பலகையை நேராக்குவது மேசையின் நீளமே. மொத்த மேசை நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு, மிஞ்சினால் இரண்டு மடங்கு நீளமுள்ள பலகையைத்தான் ஒழுங்காக நேராக்க முடியும் என்பது அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் கணக்கு. பெஞ்சின் மேல் வைக்கும் சிறிய அலுமினிய ஜாயிண்டர்களின் மேசை மொத்தமே இரண்டரை அடிதான். 6 அங்குலமோ 8 அங்குலமோ, அதில் 6 அடிப் பலகையைத் தள்ளினால் பலகை மேசையை விட்டுத் தொங்கும், பிளேடு அந்த வளைவையே பின்தொடரும். 8 அங்குல அகலம் என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்து இந்த வகையை விற்பது, வாங்குபவரின் கவனத்தை வேண்டிய இடத்திலிருந்து திருப்பும் வேலை.

ஆனால் நீளத்தையும் தேவைக்கு மேல் துரத்த வேண்டியதில்லை. பலகையை முதலில் தேவையான நீளத்துக்குத் தோராயமாக அறுத்துக்கொண்டு பிறகு சீவுவது நல்ல வழக்கம். 4 அடிப் பலகை சீராக 8 மி.மீ. வளைந்திருக்கிறது என்றால், அதை இரண்டாக அறுத்ததும் ஒவ்வொன்றிலும் வளைவு 2 மி.மீ. ஆகிவிடும். முறுக்கலும் பாதியாகும். 25 மி.மீ. பலகையை மட்டமான தரையில் வைக்கும்போது ஒரு மூலை 6 மி.மீ. தூக்கி நின்றால், இருபுறமும் சீவி முடிக்கையில் கையில் மிஞ்சுவது 19 மி.மீ. அதையே பாதியாக அறுத்துச் சீவினால் 22 மி.மீ. தங்கும். கன அடிக்கு விலை கொடுத்து வாங்கிய தேக்கில் 3 மி.மீ. சின்ன விஷயமில்லை.

வெட்டும் உருளையில் இரண்டு வகை. நேர் பிளேடுகள் மூன்று பொருத்தியது பழைய வகை. நான்கு முனை கொண்ட சிறு கார்பைடு துண்டுகளைச் சுருளாகப் பதித்த ஹெலிகல் உருளை புதியது. பின்னதில் சத்தம் குறைவு, இழை மாறி ஓடும் மரத்திலும் பிய்த்துக்கொள்வது குறைவு, முனை மழுங்கினால் துண்டைக் கால்வட்டம் திருப்பி மாட்டினால் போதும். ஆணி பட்டாலும் கெடுவது ஒரு துண்டோ இரண்டோதான். இவ்வளவும் மெய். ஆனால் விலை கூடுதல், அதே பலகைக்கு மோட்டாரின் பலமும் சற்றுக் கூடுதலாக வேண்டும். நேர் பிளேடுக்குச் சாணை பிடிக்கப் பக்கத்துத் தெருவில் ஆள் இருக்கிறார். கார்பைடு துண்டு தீர்ந்தால் கூரியருக்குக் காத்திருக்க வேண்டும்.

நேர் பிளேடின் உண்மையான குறை அதை அமைக்கும் சிரமம். பின்மேசை பிளேடு உச்சிக்குச் சற்றுத் தாழ்ந்திருந்தால், பலகை முன்மேசையை விட்டு நகர்ந்த கணத்தில் கடைசி இரண்டங்குலம் குழிந்துவிடும். உயர்ந்திருந்தால் பலகை முனை மேசை விளிம்பில் முட்டும், அல்லது சீவலின் ஆழம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். மில்களில் சரிபார்க்கும் முறை எளிமையானது. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு நேரான மரச்சட்டத்தைப் பின்மேசையில் வைத்து உருளைக்கு மேலே நீட்டி, உருளையைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். பிளேடு சட்டத்தை உரசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னே இழுத்துப் போடும். மூன்று பிளேடும், இடது வலது இரண்டு ஓரத்திலும், ஒரே அளவு இழுத்தால் அமைப்பு சரி. இதைப் பொறுமையாகச் செய்ய மனமில்லாதவர் ஹெலிகல்லுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணில்லை.

உள்நாட்டில் வார்த்த கனமான இயந்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 9, 12 அங்குல அகலம், நீண்ட மேசை, அடியில் பெல்ட் மோட்டார், பலவற்றில் அதே தண்டில் வட்ட ரம்பமும் சேர்ந்தே வரும். இறக்குமதிப் பெட்டி இயந்திரத்தைவிட அதிக இரும்பு, கெட்டால் உள்ளூர் லேத்திலேயே சரிசெய்யலாம். இவை இவ்வகையின் நிறைகள். வார்ப்பு ஆறாமல் இழைக்கப்பட்ட மேசை நாளடைவில் திருகிக்கொள்வதும், காப்புத் தகடே இல்லாமல் விற்கப்படுவதும் குறைகள். வாங்கப் போகும்போது முன்மேசையைப் பின்மேசை மட்டத்துக்கு உயர்த்தி, நல்ல நேர்க்கோல் ஒன்றை இரண்டு மேசைகளுக்கும் குறுக்காகப் படுக்கவைத்து, மோட்டார் மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜை அடியில் நுழைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு தாராளமாகப் போய்வந்தால், எவ்வளவு அகலமிருந்தாலும் அந்த இயந்திரம் வேண்டாம். பழைய இயந்திரமாக இருந்தால் உருளை வட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை புழங்கிய சதுர உருளைகள் பல தச்சர்களின் விரல்களை வாங்கியவை. வட்ட உருளை வந்ததே அதைத் தடுக்கத்தான்.

வட்ட உருளையும் விரலுக்கு இரக்கம் காட்டாது. ஒரு அடிக்குக் குறைவான துண்டைத் தள்ளக் கூடாது. ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் சீவ ஆசைப்படக் கூடாது. முகம் சீவும்போது உள்ளங்கை உருளைக்கு மேலே போகக் கூடாது, பிடியுள்ள தள்ளுகட்டை கட்டாயம். கையுறையும் தொங்கும் சட்டைக் கையும் பக்கத்திலேயே வரக் கூடாது. காப்புத் தகடு இல்லாத இயந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தகடு செய்து மாட்டும்வரை அதை ஓட்டாதிருப்பதே முறை.

ஜாயிண்டர் இல்லாமல் ஒப்பேற்ற முடியாதா? முடியும். திக்னஸ் பிளேனருக்கு ஒரு மட்டப்பலகை அடியில் கொடுத்து, வளைந்த பலகை ஆடாதபடி இடைவெளிகளில் சிறு ஆப்புகள் செருகி உள்ளே விட்டால், மேல்முகம் மட்டமாக வெளியே வரும். பிறகு ஆப்புகளை எடுத்துவிட்டுப் புரட்டி விடலாம். சாதாரண மேசை திக்னஸ் பிளேனருக்கு 12, 13 அங்குல அகலம் உண்டு. அதாவது 6 அங்குல ஜாயிண்டரால் முடியாத பலகையைக்கூட இது மட்டமாக்கும். ஒவ்வொரு பலகைக்கும் ஆப்பு வைக்கும் நேரம்தான் செலவு. விளிம்புக்கு நீண்ட இழைப்புளி போதும். ஸ்டான்லி 7-ஆம் எண் இழைப்புளி 22 அங்குல நீளம், அது மேட்டை மட்டும் சீவிப் பள்ளத்தைத் தாண்டிப் போவதால் விளிம்பு தானாக நேராகும். ஒட்டவேண்டிய இரண்டு பலகைகளைப் புத்தகம் மாதிரி மடித்துப் பிடித்து ஒன்றாக இழைத்தால், கோணம் ஓரிரு டிகிரி பிசகினாலும் விரிக்கும்போது ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். இரண்டுக்கும் பொறுமை இல்லையென்றால், மரம் வாங்கிய மில்லிலேயே கூலி கொடுத்து ஒரு முகமும் ஒரு விளிம்பும் சீவி வாங்கலாம். ஆனால் ஈரம் முழுதும் காயாத மரத்தை மில்லில் சீவி வாங்கினால், வீட்டுக்கு வந்து சில வாரங்களில் அது மீண்டும் கோணிக்கொள்ளும். காயவைத்த பிறகு சீவுவதே பயன் தரும்.

எனவே முதல் இயந்திரம் ஜாயிண்டர் என்ற யோசனை நம் வீட்டுப் பட்டறைக்குப் பொருந்தாது. முதலில் திக்னஸ் பிளேனரும் ஒரு நீண்ட இழைப்புளியும் வாங்குங்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மேசை நாற்காலி செய்பவருக்கு அத்தோடு போதும். வாரந்தோறும் மரம் அறுபட்டு, ஆப்பு வைப்பதிலேயே பொழுது போகிறது என்ற நிலை வந்தபின் ஜாயிண்டர் வாங்கலாம். அப்போது நாலு அடிக்குக் குறையாத வார்ப்பிரும்பு மேசை, ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும் அதன் இரு பக்கங்கள், ஒழுங்கான காப்புத் தகடு, அசையாத ஃபென்ஸ் ஆகிய நான்கும் சரியாக இருந்தால் 6 அங்குலமே தாராளம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், 12 அங்குல அகலம் காட்டினாலும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.